உப்பு மரவையும் 45 நாள் கணக்கும்



போன மாதம் தூத்துக்குடிக்குப் போயிருந்தேன். முத்தையாபுரம் பக்கத்தில் அத்தை வீடு. மொட்டைமாடியில் நின்றால் ஒரு பக்கம் துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் வரிசை, இன்னொரு பக்கம் கண் கூசுகிற அளவுக்கு வெள்ளையாய் உப்பளம்.

அத்தையின் அடுப்படியில் நாற்பது வருடமாக ஒரே மரவைதான். அதில் எப்போதும் கல் உப்பு நிறைந்திருக்கும். அளத்து வேலைக்குப் போகிற பக்கத்து வீட்டுக்காரர் சின்னச் சாக்கில் கொண்டுவந்து கொடுப்பது. கடையில் உப்பு வாங்கியதாக அத்தைக்கு நினைவே இல்லை. "கடலப் பக்கத்துல வச்சிக்கிட்டு பாக்கெட் உப்பு வாங்கணுமாக்கும்?" என்பார். உப்பு விளையும் ஊர்க்காரர்களின் பெருமை அது. எனக்கும் அந்தப் பெருமை உண்டு. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் உப்பு விளைவிப்பது தமிழ்நாடு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடிச் சீமையுடையது. வேப்பலோடை, தருவைகுளம், முள்ளக்காடு, ஆறுமுகநேரி என்று கரை நெடுக அளங்கள்தானே!

அன்று மத்தியானம் சாளை மீன் குழம்பு. சாப்பிட்டுக் கை கழுவும்போது அத்தையின் மருமகள் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். கல்யாணமாகி ஐந்து மாதம் ஆகிறது அவளுக்கு.

"மதினி, நாங்க இனி பிள்ளைக்குப் பாக்கலாம்னு இருக்கோம். முழுகாம இருந்தா எத்தன நாள்ல டாக்டர்ட்ட போகணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளிருந்து அத்தையின் பதில் வந்துவிட்டது: "நாப்பத்தஞ்சு நாளு ஆவட்டும்ளா. அதுக்குள்ள என்ன அவசரம்?"

இந்த 45 நாள் கணக்கைக் கேட்காத தமிழ் வீடு உண்டா? உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். என் மாமியாரும் சொன்னார். உறுதியாகத் தெரியட்டும், ஊருக்குத் தெரிய வேண்டாம், கண் பட வேண்டாம் என்ற அக்கறையில் வந்த கணக்கு அது. தப்பான எண்ணம் எதுவும் அதில் இல்லை. ஆனால் அந்த 45 நாளுக்குள் வயிற்றில் என்ன நடந்து முடிந்துவிடுகிறது என்று தெரிந்தால், நாம் வேறு மாதிரிதான் கணக்குப் போடுவோம்.

கரு உண்டான மூன்றாவது வாரத்தில் அது குழந்தை போலவே இருக்காது. மூன்று அடுக்கு கொண்ட ஒரு தட்டையான வட்டு, அவ்வளவுதான். மேல் அடுக்கிலிருந்துதான் பிற்பாடு தோல் வரும். மூளையும் அதே அடுக்கிலிருந்துதான் வரும். கரு உண்டான 18ஆம் நாள் வாக்கில் அந்த மேல் அடுக்கின் நடுவே ஒரு பட்டை தடிக்கத் தொடங்குகிறது. தானாகத் தடிப்பதில்லை. அடியில் முதுகுநாண் என்று ஒரு மெல்லிய தண்டு இருக்கிறது. அதுதான் ரசாயனச் செய்தி அனுப்பி, மேலே இருக்கும் செல்களை நரம்பாகும் வழியில் திருப்பிவிடுகிறது.

அடுத்து அந்தப் பட்டையின் இரண்டு ஓரமும் எழும்புகின்றன. நடுவில் பள்ளம் விழுகிறது. பதநீர் குடிக்கப் பனையோலையை மடக்கிப் பட்டை பிடிப்போமே, ஏறக்குறைய அந்த வடிவம். பிறகு எழும்பிய ஓரங்கள் ஒன்றையொன்று நெருங்கித் தொட்டு ஒட்டிக்கொள்கின்றன. இப்போது அது பள்ளம் இல்லை, குழல். இதற்கு நரம்புக் குழல் என்று பெயர். நம் மூளை, முதுகுத்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டு எல்லாமே இந்த ஒற்றைக் குழலிலிருந்து வளர்ந்தவைதான்.

எந்த இடத்தில் முதலில் ஒட்டும் தெரியுமா? பிற்பாடு கழுத்து வரப்போகும் பகுதியில். கரு உண்டாகி 22 நாள் வாக்கில் அங்கே ஒட்டத் தொடங்கி, மேலே தலைப்பக்கமும் கீழே இடுப்புப் பக்கமும் மூடிக்கொண்டே போகும். சோமாசிக்குப் பூரணம் வைத்து மடித்து, நடுவில் ஒரு அழுத்து அழுத்திவிட்டு இரண்டு முனைக்கும் விரலை நகர்த்திக்கொண்டே போவோம் இல்லையா? கடைசியில் இரண்டு முனை மட்டும் திறந்திருக்கும். தலைப்பக்க முனை 25ஆம் நாள் வாக்கில் மூடும். கீழ் முனை 28ஆம் நாள் வாக்கில் மூடும். ஒட்டும் ஓரங்களிலிருந்து சில செல்கள் தனியாகப் பிரிந்து உடம்பெங்கும் பயணம் போகின்றன. குடலுக்குள் இருக்கும் நரம்புகள், முகத்து எலும்புகள், தோலுக்கு நிறம் தரும் செல்கள் வரை அவற்றிலிருந்து வருபவை.

இவ்வளவும் நடந்து முடியும்போது கருவின் நீளம் சுமார் 4 மில்லிமீட்டர். அத்தையின் மரவையில் கிடக்கும் ஒரு கல் உப்பின் அளவு.

இப்போது கணக்கைப் பாருங்கள். வீட்டில் நாம் நாள் எண்ணுவது கடைசியாகத் தலைக்குக் குளித்த மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. கரு உண்டாவது அதிலிருந்து சுமார் 14 நாள் கழித்து. ஆக, கருவின் 28ஆம் நாள் என்பது நம் கணக்கில் 42ஆம் நாள். 45 நாள் ஆகட்டும் என்று காத்திருந்து ஆஸ்பத்திரிப் படி ஏறும்போது, அந்தக் குழல் மூடி மூன்று நாள் ஆகியிருக்கும். அல்லது மூடாமல் போயிருக்கும்.

மூடாமல் போனால்? தலைப்பக்கம் மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் முழுதாக உருவாகாது; அந்தக் குழந்தை பிழைக்காது. முதுகுப்பக்கம் எங்காவது திறந்தே இருந்துவிட்டால், முதுகில் ஒரு பை போலப் புடைத்துக்கொண்டு பிறக்கும். ஆபரேஷன் செய்து காப்பாற்றலாம். என்றாலும் பல பிள்ளைகளுக்குக் காலில் பலம் இருக்காது, சிறுநீர் கட்டுப்பாடு இருக்காது, தலையில் நீர் கோத்துக்கொள்ளும். வருடக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலையும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெண்ணின் குழந்தைக்கு இந்தக் குறை இருப்பது ஐந்தாம் மாத ஸ்கேனில்தான் தெரிந்தது. அந்த வீட்டில் அழுகை ஓய்வதற்குள் விசாரணை தொடங்கிவிட்டது. கிரகணத்தன்று வெளியே வந்தாளாம். அரிவாள்மனையைத் தொட்டாளாம். அவளும் அதை நம்பினாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பரம்பரையில் வரும் மரபணு, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, வலிப்புக்குச் சாப்பிடும் சில மருந்துகள், உடம்பில் ஃபோலிக் ஆசிட் குறைவு என்று பல காரணங்கள் சேர்ந்து நடப்பது இது. பல சமயம் எந்தக் காரணம் என்றே பிரித்துச் சொல்ல முடியாது. இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது அப்படி ஒரு இழப்பு நடந்திருந்தால், தயவுசெய்து கேளுங்கள்: உங்கள் மேல் தப்பு இல்லை. அடுத்த முறைக்கு முன்னால் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். உங்களுக்குத் தேவைப்படும் ஃபோலிக் ஆசிட் அளவு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அவர்தான் எழுதித் தர வேண்டும்.

அந்தப் பல மடங்கு அளவு எங்கிருந்து வந்தது? 1991இல் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஒரு ஆய்வின் முடிவை வெளியிட்டது. அதில் பங்கேற்றவர்கள், ஏற்கெனவே இந்தக் குறையுள்ள கருவைச் சுமந்த பெண்கள்; 7 நாடுகளைச் சேர்ந்தவர்கள். அவர்களில் ஒரு பகுதியினர் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு மறுபடியும் அதே குறை வருவது 72 சதவீதம் குறைந்தது. முடிவு அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். தெரிந்துகொண்டே மற்ற பெண்களுக்குக் கொடுக்காமல் இருப்பது எப்படி நியாயமாகும்?

ஆனால் ஃபோலிக் ஆசிட்டின் கதை லண்டனில் தொடங்கவில்லை. நம் நாட்டில்தான் தொடங்கியது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928இல் இந்தியாவுக்கு வந்தார். பம்பாய் மில்களில் வேலை பார்த்த ஏழைக் கர்ப்பிணிகள் ஒருவித ரத்தசோகையால் வெளிறிப்போய் இறந்துகொண்டிருந்தார்கள். என்ன காரணம் என்று அவர்கள் சாப்பாட்டையே ஆராய்ந்தார் லூசி வில்ஸ். 1929இல் நம் குன்னூருக்கு வந்து பாஸ்டர் நிலையத்தில் தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். கடைசியில் மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு கொடுத்ததும் அந்தப் பெண்கள் தேறினார்கள். அதற்குள் ஒளிந்திருந்த சத்துதான் ஃபோலேட். பிறகு 1941இல் அமெரிக்காவில் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, லத்தீனில் இலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஃபோலிக் ஆசிட் என்று பெயர் வைத்தார்கள். நம் முருங்கைக்கீரையிலும் பாசிப்பயறிலும் கொண்டைக்கடலையிலும் இருப்பது அதுவே. வெகுநேரம் வேகவைத்தால் வீணாகிவிடும். சாப்பாட்டிலிருந்து கிடைப்பது மட்டும் அந்த 28 நாளுக்குப் போதும் என்று நம்பியிருக்க முடியாது. அதனால்தான் மாத்திரை.

குன்னூரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லத் தோன்றுகிறது. அங்கே சத்துணவு ஆராய்ச்சியைத் தொடங்கிய ராபர்ட் மெக்கரிசன், அதற்கு முன் கில்கிட் மலைப் பள்ளத்தாக்குகளில் கழுத்துக் கழலை நோயையும், அந்த ஊர்களில் மூளை வளர்ச்சியில்லாமல் பிறந்த குழந்தைகளையும் ஆராய்ந்தவர். அதே குன்னூர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த வி. ராமலிங்கசுவாமி 1956இல் காங்ரா பள்ளத்தாக்கில் ஒரு பெரிய சோதனையைத் தொடங்கினார். சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு, ஒரு பகுதிக்குச் சாதா உப்பு. சில வருடங்களில் அயோடின் உப்பு போன ஊர்களில் கழலை வெகுவாகக் குறைந்தது. நாட்டின் உப்புக் கொள்கையே அந்தச் சோதனையின் மேல்தான் எழுந்தது.

ஆக, பேச்சு மறுபடி உப்புக்கே வந்துவிட்டது.

குழல் மூடியதோடு மூளை முடிந்துவிடுவதில்லை. மேல் முனை மூன்று குமிழாக வீங்குகிறது, பிறகு ஐந்தாகிறது. நரம்புச் செல்கள் கோடிக்கணக்கில் பெருகி, தத்தம் இடத்தைத் தேடிப் போய் உட்கார்ந்து, ஒன்றோடொன்று இணைய வேண்டும். இதற்கெல்லாம் தைராய்டு ஹார்மோன் வேண்டும். அந்த ஹார்மோனைச் செய்ய அயோடின் வேண்டும். குழந்தையின் சொந்தத் தைராய்டு வேலை தொடங்கவே 10, 12 வாரம் ஆகிவிடும். அதுவரை அம்மாவின் ஹார்மோன்தான் குழந்தைக்கும். அதன் பிறகும் அயோடின் வருவது அம்மாவின் சாப்பாட்டிலிருந்துதான். கடுமையான குறை இருந்தால் குழந்தையின் காதும் பேச்சும் அறிவும் பாதிக்கப்படும். லேசான குறை கண்ணுக்குத் தெரியாது. படிப்பிலும் சுறுசுறுப்பிலும் கொஞ்சம் பின்தங்கலாம். "என்னமோ, மந்தமா இருக்கான்" என்று நாம் விட்டுவிடுவோம்.

கடலோரத்தில் இருக்கிறோமே, நமக்கு அயோடின் குறையுமா? அத்தை கேட்டதும் இதைத்தான். நியாயமான கேள்வி. அதனால் அங்கேயே ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு கிலோ உப்பு எடுக்கச் சுமார் 30 லிட்டர் கடல் நீர் வேண்டும். ஒரு லிட்டர் கடல் நீரில் இருக்கும் அயோடின் சுமார் 60 மைக்ரோகிராம். ஒரு துளி வீணாகாமல் அத்தனையும் உப்பில் தங்கினாலும் கிலோவுக்கு 2 மில்லிகிராம்கூட வராது. வீட்டுக்கு வந்து சேரும் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது சட்டம். எட்டில் ஒரு பங்குகூட இல்லை. பாத்தியில் வெயிலில் காயும்போதும் கசப்பு நீரை வடிக்கும்போதும் அந்தக் கொஞ்சமும் போய்விடுகிறது.

மீனில் அயோடின் உண்டு, மறுக்கவில்லை. தினம் மீன் சாப்பிடும் வீட்டுக்கு அது உதவும். ஆனால் மீன்பிடித் தடைக்காலம், விரத நாள், மசக்கையில் மீன் வாசமே ஆகாத மாதங்கள் எல்லாம் இருக்கின்றனவே? உப்பு இல்லாத நாள் ஒன்று உண்டா? அதனால்தான் உப்பில் கலக்கிறார்கள்.

ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. 2018-19இல் நாடு முழுக்க எடுத்த அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டளவில் 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9. மாநிலங்களில் கடைசி இடம் நமக்கு. பிள்ளைகளின் படிப்புக்காக நகையை அடகு வைக்கத் தயங்காத நாம், பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இவ்வளவு பெருகிய மாநிலத்தில் வாழும் நாம், உப்பில் இப்படிக் கோட்டைவிட்டிருக்கிறோம். உப்பு விளையும் ஊர் என்பதாலேயே, பாக்கெட் இல்லாமல் அளத்திலிருந்து நேரே அடுப்படிக்கு வருவது நமக்கு எளிதாக இருக்கிறது.

அந்த உப்பை வாரும் பெண்களையும் நினைத்துப் பாருங்கள். விடிவதற்கு முன்பே அளத்தில் இறங்கி, கீழே உப்பு நீரின் பளபளப்பும் மேலே வெயிலுமாக வேலை பார்க்கிறார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். கடும் வெக்கையில் வேலை பார்த்தவர்களுக்குக் கருச்சிதைவு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. நாள் தள்ளியது தெரியாமலே முதல் சில வாரங்கள் அளத்தில் கழிகின்றன. நிழலும் குடிதண்ணீரும் கழிப்பறையும் அங்கே கொடுப்பது யாரோ காட்டும் தயவாக இருக்கக் கூடாது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

கல்யாணமாகி, பிள்ளை வேண்டும் என்று நினைக்கத் தொடங்கிய நாளிலிருந்தே ஃபோலிக் ஆசிட் தொடங்கலாம். தினம் 400 மைக்ரோகிராம்; கருவுற்று 12 வாரம் முடியும் வரை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதுதான். மருந்துக் கடையில் விலை மிகக் குறைவு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். பள்ளியில் மகளுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை கொடுத்தால், "வயித்தப் பிரட்டுது" என்று அவள் தூக்கிப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்தோடு ஃபோலிக் ஆசிட்டும் அதில் இருக்கிறது. சர்க்கரையோ தைராய்டோ வலிப்போ இருக்கும் பெண்கள், பிள்ளைக்குப் பார்ப்பதற்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது இன்னும் ஆபத்து.

உப்பு வாங்கும்போது பாக்கெட்டில் சிரிக்கும் சூரியன் படம் இருக்கிறதா என்று பாருங்கள். கல் உப்புதான் கைக்குப் பழக்கம் என்றால், அயோடின் கலந்த கல் உப்பே கிடைக்கிறது. ஈரமும் வெயிலும் காற்றும் படாமல் மூடி வையுங்கள். குழம்பு கொதித்து இறக்கும் சமயத்தில் உப்புப் போட்டால் அயோடின் குறைவாகவே வீணாகும். அயோடின் இருக்கிறது என்பதற்காக உப்பைக் கூட்டிப் போட வேண்டாம். ரத்தக் கொதிப்பு இருக்கும் வீட்டில் அளவு அதே பழைய குறைந்த அளவுதான்.

என் கதையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மூத்த பிள்ளை வயிற்றில் இருந்தபோது நானும் எட்டாவது வாரம்தான் டாக்டரிடம் போனேன். அன்றுதான் முதல் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை விழுங்கினேன். படித்தவள், பத்திரிகையில் வேலை பார்த்தவள். எனக்கே யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தான். அது எனக்கு வாய்த்தது, அவ்வளவுதான். அத்தையின் மருமகள் அன்று என்னிடம் கேட்டாளே, அப்படி முன்கூட்டியே கேட்கிற எண்ணம்கூட எனக்கு அப்போது வரவில்லை.

அன்று சாயங்காலமே அவளும் நானும் பஸ் ஏறி டவுனுக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு, மாத்திரையும் வாங்கி வந்தோம். வரும் வழியில் ஒரு கிலோ அயோடின் கல் உப்பும் வாங்கினோம். அத்தை பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கல்லை நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

போன வாரம் போன் செய்தார். மாங்காய் ஊறுகாய்க்கு மட்டும் பழைய உப்பைப் போடலாமா என்று கேட்டார். போடுங்கள் அத்தை, தினப்படிக் குழம்புக்கும் ரசத்துக்கும் புது உப்பு இருந்தால் போதும் என்றேன். மூடி போட்ட கண்ணாடி ஜாடி ஒன்று வாங்கியிருக்கிறாராம். மரவையில் இப்போது புளி இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்